திருடன் தொடாத ரேடியேட்டர்

மஞ்சள் நீர்

இன்ஜின் ஆறட்டும், மூடியைத் துணி போட்டுத் திறங்கள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஏகாம்பரம் வெறுங்கையால் திருகிவிட்டார். ரேடியேட்டர் தொழிலில் முதல் பாடமும் கடைசிப் பாடமும் இதுதான். நடுவில் பெரிதாக ஒன்றும் இல்லை. அவர் பழகியவர், தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். நான் இழுக்கவில்லை. காலரிலிருந்து பாக்கெட் வரை என் வெள்ளைச் சட்டை மஞ்சளாகிவிட்டது. கூடவே ஒரு சமையலறை வாசனை.

எண்ணெயும் கிரீஸும் புழங்கும் கடைகளில் வெள்ளைச் சட்டையோடு உட்கார நேர்ந்த அத்தனை பேருக்கும் என் நிலை சொல்லாமலே புரியும். பி.எஸ்ஸி. வேதியியல், இரண்டாம் வகுப்பு. நல்ல வேலை கிடைக்கும்வரை உட்கார் என்று அத்தான் தன்னுடைய சைதாப்பேட்டைக் கடையில் என்னை உட்கார வைத்தார். உட்கார்ந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. வேலை தெரிந்த ஒரே ஆள் கரீம் பாய். ஈயம் வைத்து ஒழுகலை அடைப்பதில் அவருக்குச் சமமாக ஒருவரை நான் பார்த்ததில்லை. பார்க்கும் அளவுக்கு நான் வெளியே போனதும் இல்லை.

ஏகாம்பரத்துக்கு ஒரு தண்ணீர் லாரி. யுத்தம் முடிந்து ஏலத்தில் விட்ட பட்டாள வண்டி, பல கை மாறி அவரிடம் வந்து சேர்ந்தது. ஓட்டுவதும் அவர்தான். தியாகராய நகரில் ஒரு கல்யாண மண்டபத்துக்குத் தண்ணீர் கொடுப்பது அந்த வண்டிக்கு இருந்த ஒரே நிலையான பிழைப்பு. போன முகூர்த்தத்தன்று அது பனகல் பார்க் ஓரத்தில் ஆவி விட்டுக்கொண்டு நின்றுவிட்டது. மண்டபத்தில் சாப்பிட்டு எழுந்தவர்கள் சோடா வாங்கிக் கை கழுவினார்களாம். இன்னொரு தரம் நின்றால் வேறு லாரி என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வைகாசி முகூர்த்தத்துக்கு இன்னும் பத்து நாள்.

கரீம் பாய் உள்ளேயிருந்து வந்து முதலில் லாரியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மஞ்சத் தண்ணி ஊத்திட்டாங்க சார். இனிமே வெட்ட வேண்டியதுதான் பாக்கி."

கஷாயம்

ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் தூளைக் கொட்டுவது எல்லா லாரிக்காரர்களும் செய்வது. தூள் போய் ஓட்டையில் அடைத்துக்கொள்ளும், பத்து மைல் தாங்கும். ஏகாம்பரம் ஒரு படி மேலே போயிருந்தார். கூடவே ஒரு பிடி வெந்தயமும் போடுவார். உடம்புச் சூட்டுக்கு வெந்தயம் என்று தெரியாத வீடு உண்டா? லாரிக்கும் உடம்புதானே என்பது அவர் கட்சி.

எங்கள் கடைக்கு ஒரு சட்டம் இருந்தது. எந்த ரேடியேட்டர் வந்தாலும் முதலில் அது குளித்தாக வேண்டும். பின்பக்கம் ஒரு இரும்புத் தொட்டியில் காஸ்டிக் சோடா கரைத்த சுடுதண்ணீர் இருக்கும். அதில் அரை மணி நேரம் கிடந்தால் அழுக்கு, களிம்பு, மஞ்சள் எல்லாம் கழன்று போய்விடும். செம்பை அது ஒன்றும் செய்யாது. தொட்டி என் பொறுப்பு. படிப்புக்கு ஏற்ற வேலையாக ஒன்றாவது இருக்கட்டும் என்று அத்தான் அதைக் கொடுத்திருந்தார்.

குளிப்பாட்டியதில் ஊறிய வெந்தயம் ஒரு கிண்ணம் வந்தது. கரீம் பாய் மூன்று இடங்களில் ஈயம் வைத்தார். காற்றடித்துப் பார்த்தோம், ஒரு குமிழி இல்லை. ரேடியேட்டரை லாரியில் ஏற்றி, தண்ணீர் ஊற்றினோம். கிளம்பும் சமயம் ஏகாம்பரம் சீட்டுக்கு அடியிலிருந்த டூல் பெட்டியைத் திறந்தார். ஸ்பேனர்களுக்கு நடுவிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் எடுத்து, ரேடியேட்டரின் வாயில் கவிழ்த்தார். மஞ்சளும் வெந்தயமும். கரீம் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். இது குழாயை அடைக்குமே தவிரச் சூட்டைக் குறைக்காது என்று நான் விஞ்ஞான ரீதியாக விளக்கினேன். ஏகாம்பரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு மூடியைத் திருகினார்.

"டாக்டரு ஊசி போட்டாலும், ஊட்டாண்ட வந்து ஒரு கஷாயம் குடிக்கிறது இல்லியா நைனா?"

எலுமிச்சம்பழம்

மூன்றாம் நாள் காலை அவர் நடந்து வந்தார். லாரிக்காரர் நடந்து வந்தால் நல்ல செய்தியாக இருக்காது. வா என்று தலையை ஆட்டினார். நானும் பாயும் பின்னால் போனோம்.

ஆற்றங்கரையில் லாரி நின்ற இடத்தில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். லாரியின் முன்பக்கம் ஒரு பெரிய ஓட்டை. ஓட்டை வழியாக இன்ஜின் தெரிந்தது. குளிக்கும்போது கதவைத் திறந்துவிட்ட மாதிரி எங்களுக்கே கூச்சமாக இருந்தது. அந்த வருஷம் செம்பு என்று பேர் இருந்தால் போதும், கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். டெலிபோன் கம்பி போயிற்று. கோடித் தெருவில் ஒரு வீட்டில் வெந்நீர் அண்டா, வெந்நீரைக் கீழே கொட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். லாரி ரேடியேட்டர் என்றால் செம்பும் பித்தளையுமாக ஒரு ஆள் தூக்கும் கனம். எங்கேயாவது உருக்கியிருப்பார்கள் என்றார் பாய். தான் வைத்த ஈயம் வீணாயிற்றே என்று அவருக்கு வருத்தம்.

கழற்றியவன் வேலை தெரிந்தவன். போல்ட்டுகளைக் கீழே ஒரு இலையில் எடுத்து வைத்திருந்தான். திருஷ்டிக்காக முன்னால் தொங்கிய எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் அறுக்காமல் அவிழ்த்து, பக்கத்துக் கண்ணாடியில் மாட்டியிருந்தான். ஏகாம்பரம் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மூஞ்சியைக் கழட்டிக்கினு பூட்டான். எலுமிச்சம்பயத்தை மட்டும் பத்திரமா மாட்டி வச்சிக்கிறான் பாரு, கண்ணு படக்கூடாதுன்னு."

ஒரு விரல்

புதிதாகச் செம்பில் வாங்கலாம் என்றால் கோட்டா, பர்மிட் என்று ஒரு மாதம் சொன்னார்கள். முகூர்த்தத்துக்கு இருந்தது ஆறு நாள். அந்தச் சமயத்தில் வடபழனியிலிருந்து புரோக்கர் தாமோதரன் வந்தார். சினிமாக் கம்பெனிகளுக்குக் குதிரை, நாற்காலி, துப்பாக்கி, தாடி எல்லாம் பிடித்துக் கொடுக்கிறவர். எவனுக்கு எது தொலைந்தது என்ற செய்தி அவருக்கு எப்படியோ முதலில் போய்விடும்.

சாக்கைப் பிரித்து ஒரு ரேடியேட்டரை மேஜைமேல் வைத்தார். வெள்ளிப் பாத்திரம் போல் இருந்தது. முழுக்க அலுமினியம். துறைமுக ஏலத்தில் எடுத்த ஏதோ ஒரு வெளிநாட்டு மிஷினில் இருந்ததாம். அதன் காதில் ஒரு விரலை மாட்டித் தூக்கிக் காட்டினார். தூக்கியபடியே பேசினார். இனிமேல் உலகம் முழுக்க இதுதான், செம்பெல்லாம் கோயிலுக்குப் போய்விடும் என்றார். கரீம் பாய் அதன் ஓரத்தில் சூட்டுக்கோலை வைத்து ஒரு சொட்டு ஈயம் விட்டார். ஈயம் ஒட்டாமல் உருண்டு கீழே விழுந்தது. இது ஒழுகினால் என்னிடம் கொண்டுவராதே, செம்பு சொன்னால் கேட்கும், இது கேட்காது என்று ஏகாம்பரத்திடம் சொல்லிவிட்டார்.

கனம், விலை, குளிர்ச்சி என்று எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு காரணம் இருந்தது. ஏகாம்பரம் இதைத் தட்டிப் பார்த்தார், அதைப் பற்றி விசாரித்தார், காலை முழுக்க அசையவில்லை. கடைசியாகத் தாமோதரன் தன் பெரிய அஸ்திரத்தை எடுத்தார். அலுமினியத்தைக் காயலான் கடையில் மதிக்க மாட்டார்கள், நடுத்தெருவில் வைத்தாலும் எந்தத் திருடனும் தொடமாட்டான் என்றார். ஏகாம்பரம் தட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"திருடனே வேணாம்றத நான் இன்னாத்துக்கு நைனா வாங்கணும்?"

பொண்ணாத்து மாமி

ஆனாலும் வேறு வழி இல்லை. பொருத்திப் பார்த்து, சரியாக இருந்தால் முகூர்த்தம் முடிந்ததும் விலை பேசலாம் என்று தாமோதரன் விட்டுவிட்டுப் போனார். மறுநாள் மண்டபத்து மேனேஜர் சுந்தரேசன் கடைக்கே வந்துவிட்டார். மயிலாப்பூர்க்காரர். லாரி வருமா வராதா என்று நேரில் பார்க்க வந்தவர், மேஜைமேல் இருந்ததைப் பார்த்து இதென்ன என்றார். நான்தான் ஆர்வத்தோடு அலுமினியம் என்று சொன்னேன். அப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரை பாதியோடு முடிந்திருக்கும்.

அவர் முகம் மாறிவிட்டது. இந்த முகூர்த்தம் ரொம்ப ஆசாரமான இடம், சமையல் எல்லாம் மடியில், அலுமினியத்தில் பிடித்த தண்ணீரை அடுப்படிக்குள் விடமாட்டார்கள் என்றார். ரேடியேட்டர் தண்ணீர் வேறு, டாங்கித் தண்ணீர் வேறு, இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததுகூடக் கிடையாது என்று தாளில் படம் போட்டுக் காட்டினேன். அம்புக்குறியெல்லாம் போட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தை நிதானமாகப் பார்த்தார். நல்ல படம் என்றார். செம்பாக இருந்தால் லாரி மண்டப வாசலுக்கு வரலாம், இல்லாவிட்டால் அன்றைக்கே வேறு ஆளுக்குச் சொல்லிவிடுவேன், நான் நேரில் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டு எழுந்தார். ஏகாம்பரம் துண்டைத் தோளிலிருந்து எடுத்து, மடித்து, மறுபடியும் தோளிலேயே போட்டுக்கொண்டார்.

வாசல்வரை போன சுந்தரேசன் என்னிடம் திரும்பினார்.

"நீங்க சொல்றது நேக்கு நன்னாப் புரியறது. பொண்ணாத்து மாமிக்கு யார் படம் போட்டுக் காட்டறது?"

குளியல்

கறுப்புப் பெயின்ட் அடித்துவிடுவது என்று முடிவாயிற்று. எல்லா ரேடியேட்டரும் கறுப்புதான். கறுப்புக்கு உள்ளே இருப்பது செம்பா அலுமினியமா என்று எந்த மாமிக்குத் தெரியும்? யோசனை என்னுடையது. ஏகாம்பரத்துக்குப் பாதி மனசு. வெள்ளிக்கிழமை மத்தியானம் கரீம் பாய் தொழுகைக்குக் கிளம்பும்போது, வந்து அடிக்கலாம், தூசி மட்டும் துடைத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

துடைப்பதோடு நிறுத்தியிருக்கலாம். கடைக்கு வந்தது எதுவும் முதலில் குளிக்க வேண்டும் என்பது ஏழு வருஷப் பழக்கம். தூக்கினேன், தொட்டியில் இறக்கினேன். உடனே நுரை பொங்கியது. சோற்று உலை கொதிக்கிற மாதிரி சத்தம். எவ்வளவு அழுக்கு இருந்திருக்கிறது என்று ஆச்சரியப்பட்டேன். துறைமுகத்தில் கிடந்த சாமான், உப்புக் காற்று என்று எனக்கு நானே காரணமும் சொல்லிக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் ஊறட்டும் என்று ஒரு டீ குடிக்கப் போனேன். டீயில் பாதி இறங்கும்போதுதான் கல்லூரிப் பரீட்சையில் நான் சரியாக எழுதிய ஒரு கேள்வி ஞாபகத்துக்கு வந்தது. அலுமினியத்தைக் காஸ்டிக் சோடாவில் இட்டால் என்ன நிகழும்? சமன்பாட்டுடன் விளக்குக. முழு மார்க் வாங்கியிருந்தேன்.

கொக்கியை விட்டுத் தூக்கினால் மேல் மூடியும் அடிப்பாகமும் வந்தன. நடுவில் இருந்த மெல்லிய தகடுகள் கறுத்து, சல்லடையாகி, கை பட்ட இடமெல்லாம் உதிர்ந்தன. கரீம் பாய் திரும்பி வந்து பார்த்தார். காஸ்டிக்கில் அலுமினியத்தைப் போடக்கூடாது என்று என் வீட்டுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், சார் என்ன படித்தார் என்று தொட்டியைக் கேட்டார். நான் அவர் பின்னாலேயே வந்து நின்ற ஏகாம்பரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். அவர் கத்துவார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் தேவலை. உட்கார்ந்து, மிஞ்சியிருந்ததை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார்.

"குளிக்கப் போனவன் எங்க நைனா? சோப்பு டப்பா மட்டும் கீது."

ஒரே ஒரு படம்

சனிக்கிழமை காலை நான் கடையில் யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். தாமோதரன் மறுபடியும் ஒரு சாக்கோடு வந்தார். அலுமினியம் என்ன ஆனது என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. மேனேஜர் செம்பு கேட்ட விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது. செம்பே கொண்டுவந்துவிட்டேன் என்றார். பெயின்ட் வாசனை மாறாத கறுப்பு ரேடியேட்டர். ஒரு சினிமாக் கம்பெனி லாரியில் இருந்ததாம், ஒரே ஒரு படத்துக்குத்தான் ஓடியதாம்.

கரீம் பாய் அதைச் சுற்றி வந்தார். மூன்று இடங்களில் விரல் வைத்துத் தடவினார். பிறகு அடிக்குழாயைக் கையால் மூடிக்கொண்டு மேலே தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றியதும் கையை எடுத்தார். தண்ணீர் மஞ்சளாக வந்தது. அதோடு ஊறிப் பருத்த வெந்தயம் நாலைந்து தரையில் விழுந்து ஓடியது. ஏகாம்பரம் குனிந்து ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். எல்லோரும் தாமோதரனைத் திரும்பிப் பார்த்தோம். அவர், அந்தப் படத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா சீன் உண்டு என்றார்.

போலீசுக்குப் போகலாம் என்று நான் எழுந்தேன். ஏகாம்பரம் கையைக் காட்டி உட்கார வைத்துவிட்டார். ஸ்டேஷனுக்குப் போனால் ரேடியேட்டர் சாட்சியாக அங்கேயே தங்கிவிடும், விடிந்தால் முகூர்த்தம். நான் எவன்கிட்டயோ வாங்கினேன், எனக்கு என்ன தெரியும் என்று தாமோதரன் ஆரம்பித்தார். கரீம் பாய் பின்பக்கம் போய், குளித்து மிஞ்சியதை அவருடைய சாக்கிலேயே போட்டு, வாயைக் கயிற்றால் கட்டி, கையில் கொடுத்தார். தாமோதரன் சாக்கைத் தூக்கிப் பார்த்தார். முன்னைவிட லேசாக இருந்தது. உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டது. பிரித்துப் பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. ஏகாம்பரம் வாசலைக் காட்டினார்.

"எடுத்துக்கினு போ தாமு. நடுத்தெருவுல வச்சாலும் எவனும் தொட மாட்டான்."

வாசல்

அந்த ரேடியேட்டரை யாரும் குளிப்பாட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை லாரியில் நானும் ஏறிக்கொண்டேன். கூப்பிட்டார்கள் என்றில்லை. சைதாப்பேட்டையிலிருந்து உஸ்மான் ரோடுவரை என் கண் சூடு காட்டும் முள்ளை விட்டு நகரவில்லை. பனகல் பார்க் வந்தபோது ஏகாம்பரமும் நானும் ஒரே சமயத்தில் முள்ளைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி ரோட்டைப் பார்த்தோம். வண்டி நிற்கவில்லை.

மண்டப வாசலில் சுந்தரேசன் பானெட்டைத் திறக்கச் சொன்னார். ஒரு மூலையில் கறுப்பை நகத்தால் சுரண்டினார். உள்ளே சிவப்பு மினுங்கியது. தலையை ஆட்டினார். நகத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டார். வழியில் எங்கேயோ ஒரு ஈயப் பற்று விட்டிருக்க வேண்டும். கீழே மஞ்சளாகச் சொட்டிக்கொண்டிருந்தது. லாரி நின்ற இடம் கோலத்துக்குப் பக்கம். நான் பார்த்தேன், ஏகாம்பரம் பார்த்தார், சுந்தரேசனும் பார்த்துவிட்டார். அதே நேரம் உள்ளேயிருந்து பெண் வீட்டு மாமி ஒருத்தி, ஒன்பது கஜப் புடவையும் வைரத் தோடுமாக வந்து வாசலில் நின்றாள். எவளுக்காக அலுமினியம் வேண்டாம் என்றார்களோ, அவள். சொட்டுவதையும் கோலத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இனி எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"வாசல்ல மஞ்சத் தண்ணி தெளிச்சது யாரு? இத்தனை பேர்ல ஒருத்தருக்காவது தோணித்தே."

அடுத்த முகூர்த்தத்துக்கும் நீயே வா என்று சுந்தரேசன் ஏகாம்பரத்திடம் தணிந்த குரலில் சொன்னார். செம்பு நல்லதா அலுமினியம் நல்லதா என்று இன்றைக்கும் யாராவது கேட்டால், அதற்குப் படித்தவர்களை விட்டுவிட்டு வேறு யாரையாவது கேளுங்கள் என்றுதான் என்னால் சொல்ல முடிகிறது.

தண்ணீர் இறக்கி முடிந்ததும் எங்களுக்கும் ஆளுக்கொரு தாம்பூலப் பை கொடுத்தார்கள். ஏகாம்பரம் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து பையைப் பிரித்தார். தேங்காய், வெற்றிலை, பாக்கு, அடியில் இரண்டு மஞ்சள் கிழங்கு. கிழங்குகளை மட்டும் எடுத்து, சீட்டுக்கு அடியிலிருந்த டூல் பெட்டியில் போட்டார். இன்ஜினைக் கிளப்பினார். பெட்டி இன்னும் திறந்தே இருந்தது. நான் என் பையைப் பிரித்து, அதிலிருந்த இரண்டு கிழங்கையும் எடுத்து உள்ளே போட்டுவிட்டு மூடினேன்.